டாப் லிங்க் மரையும் அதன் உறவுகளும்

டிராக்டரின் டாப் லிங்கைக் கழற்றிக் கையில் எடுத்ததும் பலரும் அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். சுற்றிப் பார்க்காதீர்கள், ஆட்டிப் பாருங்கள். நடுவில் உள்ள பேரலை வைஸில் இறுக்கி, ஒரு முனையின் கண்ணைப் பிடித்து நேர்கோட்டில் இழுத்தும் தள்ளியும் பார்க்க வேண்டும். புதுப் பொருளில்கூட மயிரிழை ஆட்டம் இருக்கும், அது குறையல்ல. 'டக், டக்' என்று காதுக்குக் கேட்கிற அளவுக்கு ஆடினால் மரை தேய்ந்திருக்கிறது. பிறகு அந்த முனையை முழுக்கத் திருகி வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல மரையின் தலை சிறு வரப்பு மாதிரி மேலே மட்டமாக இருக்கும். தேய்ந்த மரையின் தலை கத்திமுனையாகியிருக்கும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், கிழித்துவிடும்.

'மரை போச்சு' என்றுதான் எல்லோரும் பட்டறைக்கு வருவார்கள். சொல் ஒன்று, நோய் மூன்று. சம்மட்டி பட்டு நசுங்கிய மரை ஒன்று. துருவும் சேறும் ஏறி இறுகிக்கொண்ட மரை இன்னொன்று. தேய்ந்து மெலிந்த மரை மூன்றாவது. முதல் இரண்டையும் பொறுமை இருந்தால் மீட்டுவிடலாம், ஏனென்றால் இரும்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவதில் இரும்பே இல்லை. மரை வெட்டும் டையை ஓட்டினால் இரும்பு குறையுமே தவிரக் கூடாது. இதை மறந்து, ஆடுகிற மரைக்கு டை போட்டு இன்னும் ஆட வைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கட்டளை. கலப்பையோ ரோட்டாவேட்டரோ, பின்னால் என்ன மாட்டியிருந்தாலும் அதைத் தரையில் முழுக்க இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய நிலையில் டாப் லிங்க் பின்னை உருவினால் கருவி பின்பக்கமாகச் சாயும். ஹைட்ராலிக்கை நம்பிக் கருவியின் கீழே கையை விடுவது கிணற்றடியில் கயிறில்லாமல் குனிவது போல. கட்டைகளை முட்டுக்கொடுத்து, அசைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

எந்த மரைக்கு எவ்வளவு மரியாதை

டிராக்டரின் பின்பக்க மூன்று கைகளில் கீழே உள்ள இரண்டும் இழுக்கின்றன. மேலே உள்ள டாப் லிங்க் என்ன செய்கிறது என்று கேட்டால் 'சாய்வு சரிபண்ண' என்பார்கள். அது பாதி உண்மை. உழும்போது மண் கொழுவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கருவி கீழ்ப் பின்களைச் சுற்றிச் சுழலப் பார்க்கிறது. அதன் மேல்தலை டிராக்டரை நோக்கி முன்னால் சாய்கிறது. ஆகவே உழவின்போது டாப் லிங்க் பெரும்பாலும் அழுத்தத்தில் இருக்கிறது. வரப்பருகே கருவியைத் தூக்கினால் அதன் எடை பின்னால் தொங்கி, அதே டாப் லிங்க்கை இழுக்கிறது. ஹாரி பெர்குசன் இந்த அழுத்தத்தையே ஹைட்ராலிக்குக்குச் செய்தியாக்கி, மண் இறுகினால் கலப்பை தானே சற்று மேலேறும்படி அமைத்தார். 1936இல் வந்த பெர்குசன்-பிரவுன் டிராக்டரிலும் 1939இல் வந்த போர்டு 9என் டிராக்டரிலும் ஊருக்குத் தெரிந்தது இந்த அமைப்புதான். இன்று நம் வயலில் ஓடும் ஏறத்தாழ எல்லா டிராக்டரும் அதன் வாரிசு.

மரைக்கு இதனால் வரும் கேடு என்னவென்றால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுமை மரையின் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு மாறுகிறது. சாதாரண போல்ட்டின் மரையில் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும். டாப் லிங்க் மரையில் இரண்டு பக்கமும் தேயும். இடையில் சேற்று மணல் இருந்தால் அது அரைப்புக் கல்லாக வேலை பார்க்கும். டெல்டாவில் சேற்றுழவு அடிக்கிற டிராக்டரின் டாப் லிங்க் சீக்கிரம் ஆட ஆரம்பிப்பதற்குக் காரணம் இது. பொருளின் தரத்தைத் திட்டுவதற்கு முன் கிரீஸ் எப்போது வைத்தோம் என்று யோசிக்கலாம்.

இதே கணக்கில் மற்ற மரைகளையும் எடை போடுங்கள். செக் செயினின் திருகு பக்கவாட்டு ஆட்டத்தை மட்டுமே தடுக்கிறது. அது போனால் கருவி டயரில் உரசும், உடனே தெரியும். வலது லிப்ட் ராடின் மரையோ கருவியின் எடையையே தூக்குகிறது. பழைய மாசி பெர்குசன் வகையில் கைப்பிடி சுற்றி மட்டம் பார்க்கும் லெவலிங் பாக்ஸ் அந்த ராடில்தான் இருக்கும். அது போக்கு காட்டினால் ஒட்டுவேலை கிடையாது, மாற்றுவதுதான். ட்ரெய்லர் கொக்கியின் மரைக்கும் அதே விதி. சாலையில் ஓடுகிற எதிலும் நான் சமரசம் செய்வதில்லை, வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும்.

நூலா, மில்லியா

நம் ஊர்ப் பட்டறையில் போல்ட்டை இன்னும் நூலில்தான் கேட்கிறார்கள். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அஞ்சு நூல் போல்ட் என்றால் 5/8 இஞ்ச், ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்ச். இஞ்ச் வழியில் வந்த பழைய வடிவமைப்புகளில் இஞ்ச் மரை. புதியவற்றில் மில்லிமீட்டர் மரை. கடையில் வாங்கிய மாற்று டாப் லிங்கில் எது வேண்டுமானாலும். ஒரே டிராக்டரில் இரண்டும் கலந்து கிடப்பது சாதாரணம். வண்டி எந்தக் கம்பெனி என்பதை வைத்து மரையை ஊகிக்காதீர்கள். அளந்து பாருங்கள்.

அளக்க வெர்னியரும் மரை கேஜும் போதும். கேஜ் இல்லையென்றால் ஸ்கேலை மரைமீது வைத்து ஒரு இஞ்சுக்குள் எத்தனை தலை என்று எண்ணலாம். மில்லி மரையானால் பத்து இடைவெளிகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். இன்னும் எளிய வழி, அளவு தெரிந்த ஒரு நல்ல போல்ட்டை அந்த மரையோடு பல்லும் பல்லுமாகச் சேர்த்து வெயிலுக்கு எதிரே பிடிப்பது. நீளம் முழுக்க வெளிச்சம் கசியாமல் உட்கார்ந்தால் ஒரே பிட்ச்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முக்கால் இஞ்ச் முரட்டு மரைக்கு இஞ்சுக்குப் பத்து பல், அதாவது 2.54 மி.மீ. பிட்ச். 20 மி.மீ. போல்ட்டின் சாதாரண மரைக்கு 2.5 மி.மீ. பிட்ச். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே 20 மில்லி நட் முக்கால் இஞ்ச் போல்ட்டில் விறுவிறுவென்று ஏறிவிடும். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மி.மீ. மட்டுமே என்பதால் பல்லும் பல்லும் முழு ஆழத்துக்குக் கடிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு பிடிப்பு காணாமல் போய்விடும். கையால் ஏற்றும்போது 'லொடலொட'வென்று இருக்கும், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இறுகும், முதல் முரட்டு இழுப்பில் உரிந்து வரும். நட்டை இரண்டு மரை மட்டும் ஏற்றிவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தொப்பி மாதிரி ஆடினால் அது அந்த போல்ட்டின் நட் அல்ல.

இன்னொரு பழைய சிக்கல் விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரைக்கு 55 பாகைக் கோணம். 1948இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது மரைக்கு 60 பாகை. முக்கால் இஞ்சில் இரண்டுக்கும் பத்து பல்தான், ஒன்றில் ஒன்று ஏறும், ஆனால் சரிவுகள் முழுதாகப் படியாது. மிகப் பழைய கலப்பைச் சட்டத்தில் பொருந்தாத நட் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அரை இஞ்சில் மட்டும் 12, 13 என்று பல் எண்ணிக்கையே மாறுவதால் ஏமாற வழியில்லை.

அடிபட்ட முனை

கல்டிவேட்டரின் கீழ்ப் பின்னைக் கழற்றும் காட்சியைப் பாருங்கள். நட்டைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். பின் வராது, துரு பிடித்திருக்கும். சம்மட்டியால் மரை முனையின் தலையில் ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் பின் நகரும். அதற்குள் முனை காளான் குடை போல விரிந்து, முதல் மூன்று மரையும் ஒன்றன்மீது ஒன்று படுத்துவிடும். மறுநாள் நட் ஏறாது. 'மரை போச்சு' என்று வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் இந்த வகைதான். நட்டைக் கழற்றாமல், முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் பின்னுக்குத் திருகி வைத்து, அதன்மேல் மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்து அடித்திருந்தால் வேலையே இல்லை.

விரிந்த முனையைச் சரிசெய்ய முதலில் கிரைண்டர். முனையைச் சுற்றி 45 பாகையில் சாய்த்து, மரையின் அடிக்குழி தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். நசுங்கிய முதல் மரை இத்துடன் போய்விடும், அதற்காக வருந்த வேண்டாம். அடுத்தது முக்கோண அரம். அதன் முனைக்கோணம் 60 பாகை, மில்லி மரைக்கும் பொது இஞ்ச் மரைக்கும் அப்படியே பொருந்தும். நல்ல மரையில் அரத்தை வைத்து, அந்தக் குழியின் வழியே நசுங்கிய பகுதிக்குள் இழுத்து வாருங்கள். குழியின் வழியை நல்ல மரை காட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் நீங்களே புது வழி வெட்டிவிடுவீர்கள்.

எல்லா மரை மீட்பிலும் இந்த ஒரே புத்திதான்: நல்லதிலிருந்து கெட்டதற்குப் போக வேண்டும். ஆனால் சாதாரண டையை முனையிலிருந்துதான் ஏற்ற முடியும், முனைதானே கெட்டுக் கிடக்கிறது? இதற்குப் பழைய லேத்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. அதே மரையுள்ள கெட்டியான நட் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் சரிபாதியாக அறுப்பார்கள். வெட்டு விளிம்பில் உள்ள பிசிறை அரத்தால் நீக்குவார்கள். இரண்டு பாதிகளையும் பின்னின் உட்பக்கத்தில், அடி படாத மரைமீது வைத்து, வைஸ் கிரிப்பால் இறுக்கிப் பிடித்து, எண்ணெய் விட்டு, வெளிமுனையை நோக்கிக் கழற்றுவார்கள். வரும் வழியில் நசுங்கிய மரை நிமிர்ந்து கொடுக்கும். நான் முதலில் பார்த்தபோது கண்கட்டு வித்தை போல இருந்தது. நட் புதிதாக வெட்டுவதில்லை, படுத்த இரும்பை எழுப்பி நிறுத்துகிறது. இப்போது இதற்கென்றே பிளவுபட்ட டைகள் விற்கின்றன. கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் ஆக்சா பிளேடு போதும்.

இதற்குப் பிறகு டையை ஓட்டினால் அது துப்புரவு வேலையாகவே இருக்கும். கட்டிங் ஆயில் இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்புவது சீவல் சுருளை முறிப்பதற்கு. டை நேராக உட்கார்ந்ததா என்று இரண்டு திசையிலிருந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் இறுகினால் தம் கட்டித் திருகாதீர்கள். வெளியே எடுத்து, எங்கே பளபளப்பு புதிதாகத் தெரிகிறதோ அங்கே அரத்தால் தொடுங்கள். அரமே வழுக்கிக்கொண்டு போனால் அந்தப் பின் கடினப்படுத்தியது. சாதாரண டை அதில் பல் இழக்கும். அந்த வேலையை லேத்துக்கு விட்டுவிடுவது மேல்.

பின்னின் தடிமனையும் ஒரு பார்வை பாருங்கள். கேட்டகரி 1 எனும் முதல் வகைக் கருவிகளின் கீழ்ப் பின் 22 மி.மீ., இரண்டாம் வகைக்கு 28 மி.மீ.; மேல் பின் முறையே 19, 25 மி.மீ. வழவழப்பான பகுதியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மரையைச் சரிசெய்து என்ன பயன்? பின்னையே மாற்றுங்கள்.

இறுகிய டாப் லிங்க்

என் முதல் டாப் லிங்க் எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது, அப்பாவின் வண்டியில். ஒரு மழைக்காலம் முழுக்க வேப்பமரத்தடியில் கிடந்து, இரண்டு முனையும் இறுகிப் போயிருந்தது. ஒரு முனையைப் பைப் ரெஞ்சில் பிடித்து, ரெஞ்சின் கைப்பிடியில் நாலடிக் குழாயைச் செருகித் தொங்கினேன். 'மடக்' என்று சத்தம் வந்தது, சுற்ற ஆரம்பித்தது. பெருமையாக இன்னும் ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். பிறகு மறுபடி நின்றுவிட்டது. லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லேத்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார்.

"தம்பி, இது இடது மரை. நீ கழட்டலை. இன்னும் இறுக்கிக்கிட்டே போயிருக்க."

"சுத்துச்சேண்ணே."

"சுத்தும். உள்ள போறதுக்கும் சுத்தத்தானே செய்யணும்?"

மரை தோள்வரை உள்ளே போய் இடித்து, கடைசி இரண்டு மரையும் நசுங்கியிருந்தன. அன்று கற்றதைச் சொல்கிறேன். டாப் லிங்கின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. அதனால்தான் பேரலைச் சுற்றினால் இரண்டும் ஒன்றாக வெளியே வருகின்றன அல்லது ஒன்றாக உள்ளே போகின்றன. முனையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து மரைக் கோடுகளைப் பாருங்கள். வலப்பக்கமாக ஏறினால் வலது மரை, இடப்பக்கமாக ஏறினால் இடது மரை. பேரலில் இருந்து கொஞ்சம் மரை வெளியே தெரிந்தாலே போதும், தீர்மானித்துவிடலாம். இடது மரை செக் நட்டின் விளிம்புகளில் சில தயாரிப்பாளர்கள் சிறு வெட்டுத் தடம் போட்டிருப்பார்கள். முதலில் செக் நட்டைத் தளர்த்துங்கள்; பலர் அதை மறந்துவிட்டுப் பேரலோடு மல்லுக்கட்டுவார்கள்.

இறுகியதை விடுவிக்க அவசரம் ஆகாது. கம்பி பிரஷால் வெளித்தெரியும் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயோ, டீசலோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்ததோ விட்டு, ஒரு முனையை மேலாக நிறுத்தி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் மறுமுனை. நடுநடுவே பேரலைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டுங்கள். மரையைத் தட்டக் கூடாது. பேரலின் வாய்ப்பகுதியை, அடியில் கனமான இரும்பு வைத்து. அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும்.

அதற்கும் அசையாவிட்டால் சூடு. பேரலை மட்டும் சூடாக்க வேண்டும், அது விரிந்தால்தான் உள்ளே இருக்கும் ராடுக்கு இடம் கிடைக்கும். ஆனால் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கும் முன் கிரீஸ் நிப்பிளைக் கழற்றிவிடுங்கள். நிப்பிள் இல்லாத மாதிரியில் சூடே வேண்டாம். இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய்க்குள் பழைய கிரீஸும் மழைத்தண்ணீரும் இருக்கும். சூடேறினால் அது குக்கர் அல்ல, துப்பாக்கி. முனையின் எதிரே யாரையும் நிற்க விடாதீர்கள். சூடான நிலையில் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். பிறகு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரே இழுப்பில் கழற்றப் பார்ப்பவர்தான் மரையை உரிக்கிறார்.

தேய்ந்த மரையும் வெல்டிங் ஆசையும்

தேய்ந்த மரைக்கு வெல்டிங் வைத்து, லேத்தில் திரும்ப மரை போடுவது நடக்கிற வேலைதான். எங்கே நடக்கலாம் என்பதுதான் கேள்வி. கடையில் கிடைக்கிற டாப் லிங்குக்கு இதைச் செய்வது வீண். வெல்டிங் கூலியும் லேத் கூலியும் சேர்ந்தால் புதிதின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். உருண்டை மூட்டு உள்ள முனையில் செய்யவே கூடாது. சங்கிலியில் நினைக்கவே கூடாது. பழைய வண்டியின் கிடைக்காத உறுப்பு, சுமை குறைந்த இடம், அங்கே மட்டும்.

இத்தகைய ராடுகள் பெரும்பாலும் பட்டறைகளில் 'இஎன் 8' என்று சொல்லும் வகை, ஏறத்தாழ 0.4 சதவீதம் கரி உள்ள இரும்பு. இதில் குளிர்ந்த நிலையில் சாதாரண ராடால் வெல்டிங் வைத்தால் ஓரத்தில் கண்ணாடி போலக் கடினமான ஒரு வளையம் உருவாகும். உடைந்தால் அங்கேதான் உடையும், அதுவும் எச்சரிக்கை இல்லாமல். செய்தே ஆகவேண்டும் என்றால் பழைய மரையை லேத்தில் முழுக்கக் கடைந்து எடுத்து, ராடை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சூட்டில் உலர்த்திய 7018 ராடால் வரிவரியாக வைத்து, முடிந்ததும் சுண்ணாம்புத் தூளிலோ காய்ந்த சாம்பலிலோ புதைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும். தண்ணீரில் 'உஸ்' என்று நனைக்கிற பட்டறையிலிருந்து உங்கள் ராடைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

லேத்காரரிடம் இன்னொன்று கேளுங்கள். பழைய லேத்துகளின் லீட் ஸ்க்ரூ இஞ்ச் கணக்கில் இருக்கும். அதில் மில்லி மரையைச் சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் ஒரு இஞ்ச் 25.4 மி.மீ., அதன் ஐந்து மடங்கு 127. அந்தக் கியர் இல்லாத இடத்தில் 'கிட்டத்தட்ட' ஒரு இஞ்ச் மரையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். 3 மி.மீ. பிட்ச்சுக்குப் பதிலாக இஞ்சுக்கு எட்டு பல், அதாவது 3.175 மி.மீ. நட் இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், பிறகு கடிக்கும். கடித்ததும் பலம் போட்டு ஏற்றினால் புது மரையும் போச்சு, பேரல் மரையும் போச்சு. இடது மரைக்கு டேப்பும் டையும் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, ஆகவே அந்த முனைக்கு எப்படியும் லேத்தான் கதி. நல்ல கைக்காரர் பழைய மரைக் குழியில் டூலை உட்கார வைத்து, புதிதாக வெட்டாமல் பிசிறை மட்டும் எடுத்துத் தருவார்.

டிராக்டரின் உடம்பில் போன மரை

இதுவரை சொன்னவற்றில் தவறினால் ஓர் உதிரி உறுப்போடு போயிற்று. டாப் லிங்க் மாட்டும் பிராக்கெட்டும் டிராபார் தாங்கியும் போல்ட்டால் பூட்டப்படுவது பின்பக்க வார்ப்பிரும்பு ஹவுசிங்கில். அங்கே துளையின் மரை போனால் மாற்றுவதற்கு அது உதிரி அல்ல.

போவதற்குப் பெரும்பாலும் காரணம் குட்டையான போல்ட். பழைய போல்ட் தொலைந்திருக்கும், கையில் கிடைத்ததைப் போட்டு, நீளம் பத்தாமல் நான்கு மரையில் தொங்கவிட்டிருப்பார்கள். மரையில் ஏறும் சுமை எல்லாப் பல்லுக்கும் சமமாகப் பிரிவதில்லை. முதலில் கடிக்கும் பல்லே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. வார்ப்பிரும்பில் போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும். 16 மி.மீ. போல்ட்டுக்கு 24 மி.மீ. ஒரு கம்பியைத் துளையில் விட்டு ஆழம் பார்த்து, பிராக்கெட்டின் கனத்தைக் கூட்டினால் போல்ட்டின் நீளம் தெரிந்துவிடும். தலையில் 8.8 என்று குறியிட்டதையே வாங்குங்கள். முதல் எண் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமை என்பதையும், இரண்டாவது அதில் 80 சதவீதத்தில்தான் இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதையும் சொல்கிறது. குறி இல்லாத போல்ட் கேட் கொக்கிக்கு ஆகும்.

போன மரையைப் பசை குழைத்து நிரப்பி போல்ட்டைச் சொருகி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வண்டியை விற்கிற வரைக்கும் தாங்கும் என்பதே அதன் தத்துவம். முறையான வழி சுருள் இன்செர்ட். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கான தனி டேப்பால் மரை போட்டு, கெட்டி எஃகுச் சுருளைத் திருகி இறக்கினால் உள்ளே பழைய அளவு மரை திரும்பக் கிடைக்கும். பழைய போல்ட்டே போதும். ட்ரில் அளவு இன்செர்ட் பெட்டியிலேயே இருக்கும், அதை அப்படியே கடைப்பிடியுங்கள். சாதாரண டேப்புக்கு போல்ட் தடிமனில் பிட்ச்சைக் கழிக்கும் கணக்கு, 16 × 2க்கு 14 மி.மீ. துளை என்பது, இங்கே செல்லாது.

கைட்ரில்லைச் சும்மா பிடித்தால் துளை சாயும். பக்கத்துத் துளைகளில் போல்ட் போட்டு ஒரு தடித்த பட்டையை ஹவுசிங்மீது இறுக்கி, அதில் லேத்தில் போட்ட வழிகாட்டித் துளை வழியே ட்ரில்லை விடுங்கள். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் தேவையில்லை, அதன் தூள் உலர்ந்தே வரும். ஆனால் அந்தத் தூள் உள்ளே போகக் கூடாது; பல ஹவுசிங்குகளில் துளை கியர் ஆயில் இருக்கும் அறைவரை போகும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். துளை உள்ளே திறந்திருந்தால் ஆயிலை வடித்துவிட்டு வேலை செய்து, பிறகு புதிது ஊற்றுவதே நிம்மதி. அப்படிப்பட்ட துளையில் போல்ட் மாட்டும்போது மரைக்குக் கசிவடைப்பான் தடவ வேண்டும்.

சுருளை முகப்பிலிருந்து அரை மரையோ ஒரு மரையோ உள்ளே தள்ளி நிறுத்துங்கள். முகப்போடு சமமாக நின்றால் பிராக்கெட் அதன்மேல் உட்கார்ந்து வெளியே பிடுங்கும். அடியில் உள்ள சிறு வாலை முறித்து, காந்தத்தால் எடுத்துவிடுங்கள். எண்ணி எடுங்கள்: நாலு துளைக்கு நாலு வால்.

திரும்ப மாட்டும்போது

டாப் லிங்கின் இரு முனையையும் ஒரே நேரத்தில் பேரலில் தொடங்குங்கள். ஒன்றை ஏற்றிவிட்டு மற்றதை ஏற்றினால் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் உட்காரும். நீளம் போதவில்லை என்று பேரலைச் சுற்றும்போது குட்டைப் பக்கம் நாலு பல்லில் தொங்குவது வெளியே தெரியாது. அதைத் தவிர்க்க ஒவ்வொரு ராடிலும் தடிமனுக்கு ஒன்றரை மடங்கு மரையை விட்டுவிட்டு ஒரு சிவப்புப் பெயின்ட் வளையம் போடுவேன். வளையம் வெளியே எட்டிப்பார்த்தால் அதற்குமேல் நீட்டக் கூடாது. நீளமான டாப் லிங்க் வாங்க வேண்டும்.

மரை முழுக்கக் கிரீஸ் தடவி, வெளித்தெரியும் பகுதிக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி உறை மாதிரி மாட்டிவிடுங்கள். டியூப் மாட்டிய டாப் லிங்க் சேற்றுழவு முடிந்த பிறகும் கையாலேயே சுற்றும். செக் நட்டை இறுக்கி, ஒரு ஏக்கர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், ரோட்டாவேட்டர் மாட்டியிருந்தால் கட்டாயமாக. அதன் அதிர்வில் முதல் ஒரு மணி நேரத்தில்தான் நட் தளரும்.